என்னத்துக்குச் சிரிக்கிய? – சமுதாய வானொலியில் படம் பேசக் கற்றுக்கொண்ட கதை

நெல்லைச் சீமையில் ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிபரப்பாகும் சமுதாய வானொலியில், நானும் என் பள்ளித் தோழியும் 2018 முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம், திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றிப் பேசி வருகிறோம். நான் பள்ளி ஆசிரியை. அவள் தையற்கடை நடத்துகிறாள். இருவருக்கும் ஒலிபரப்பில் எந்தப் பயிற்சியும் கிடையாது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படம் பார்த்து, வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் என்பதே எங்களுக்கு இருந்த ஒரே தகுதி. அந்தத் தகுதியே முதல் சில மாதங்களில் எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகவும் அமைந்தது. தோழர்கள் இருவர் சேர்ந்து இப்படி ஒரு நிகழ்ச்சி தொடங்க நினைத்தால் எங்கள் தடுமாற்றங்கள் அவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வேகமாகப் பேசினோம், ஒருவர் சொல்லி முடிக்கும் முன்பே மற்றவர் எடுத்துக்கொண்டோம், மூன்று இடங்களில் அடக்க முடியாமல் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து, தோழியின் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஓர் அம்மாள், அவளுடைய குரலை அடையாளம் கண்டுகொண்டு, “ரேடியோல பேசுனது நீங்கதானா? ரெண்டு பேரும் நல்லாத்தான் சிரிக்கிய. என்னத்துக்குச் சிரிக்கியன்னுதான் வெளங்கல” என்று சொல்லிவிட்டு, அளவு ரவிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சமுதாய வானொலி உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று, ஒலிபரப்பான நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது. அது அரசின் கண்காணிப்புக்காக விதிக்கப்பட்டது. எங்களுக்கோ அதுவே பாடப்புத்தகமாயிற்று. நிலையத்துக்குப் போய், முதல் நான்கு நிகழ்ச்சிகளின் பதிவை இருவரும் உட்கார்ந்து கேட்டோம். “அந்த சீன்ல அவன் வந்து அப்படியே நிப்பான் பாரு”, “ஆமா ஆமா, அதே மாதிரிதான் அவளும்”, “நாம அன்னைக்குப் பாத்தோமே, அது மாதிரி” என்று பேசியிருக்கிறோம். எந்தக் காட்சி, எவன், எவள், என்றைக்கு என்ற எதுவும் இல்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் பாதி வாக்கியம் போதும் என்று எங்களுக்குள் ஆகிவிட்டிருந்தது. மீதிப் பாதி இல்லாத பேச்சைத்தான் நாங்கள் ஊருக்கு ஒலிபரப்பியிருந்தோம். அன்று ஒரு தாளில் ‘அந்த’ என்ற சொல்லை எத்தனை முறை சொன்னோம் என்று கோடு கிழித்து எண்ணினேன். ஒரே நிகழ்ச்சியில் அறுபத்திரண்டு கோடுகள் விழுந்தன.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதையும் அப்போதுதான் முறையாக யோசித்தோம். 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட இந்த வானொலிகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குத்தான் எட்டும். எங்கள் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களில் பெரும்பங்கு பீடி சுற்றும் பெண்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, தூள், நூல். இரண்டு கைக்கும் வேலை, கண் இலையின் நரம்பில். வெளியுலகத்துக்கென்று மீந்திருப்பது காது மட்டுமே. எங்களைக் கேட்பவர்களில் பலர் நாங்கள் பேசும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கப்போவதும் இல்லாமல் இருக்கலாம். எங்கள் வட்டாரத்தில் இருந்த இரண்டு திரையரங்குகளில் ஒன்று திருமண மண்டபமாகிவிட்டது. மற்றொன்றுக்கு நால்வர் போய்வர ஆகும் செலவு, ஒரு பெண்ணின் பல நாள் கூலி. ஆகவே நட்சத்திரம் போடுவது, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவது ஆகியவற்றை முதலிலேயே கைவிட்டோம். “இது குடும்பத்தோட டிக்கெட் எடுக்குற படமா, டிவியில போடும்போது பாத்துக்கிடலாமா?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் இருவரும் தனித்தனியாக விடை சொல்வது என்று முடிவு செய்தோம். நேயர்கள் உண்மையில் கேட்டதும் அதைத்தான்.

அடுத்த சிக்கல் எங்கள் குரல்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சுருதி. யார் படத்தைப் புகழ்கிறாள், யார் இகழ்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. குரலை மாற்றிப் பேசிப் பார்த்தோம், நாடகம்போல இருந்தது. வேலையைப் பிரித்துக்கொண்டதுதான் பலன் தந்தது. கதையைச் சொல்வது எப்போதும் அவள், குறுக்கே கேள்வி கேட்பது எப்போதும் நான். நான்கைந்து வாரங்களில் ‘கதை சொல்ற அக்கா’, ‘கேள்வி கேக்குற டீச்சர்’ என்று எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்வது என்பதிலும் குழப்பம் இருந்தது. வானொலி என்றாலே மரியாதை என்று நினைத்து, “நீங்கள் என்ன கருதுகிறீர்கள்?” என்று அவளைக் கேட்பேன், அவளும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு “நான் கருதுவது என்னவென்றால்” என்று தொடங்குவாள். அந்த வேடம் மூன்றாவது மாதம் கலைந்தது. ஒரு படத்தின் நாயகன் அழுத காட்சியில் எனக்குக் கண்ணீரே வரவில்லை என்று நான் சொன்னபோது, பக்கத்து இருக்கையில் அமர்ந்து நான் முந்தானையால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்திருந்த அவள், தன்னை மறந்து, “ஏட்டி, பொய் சொல்லாத” என்றாள். நிலைய ஒருங்கிணைப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் தலையில் கை வைத்துக்கொண்டார். வெட்ட நேரமில்லாமல் அது அப்படியே ஒலிபரப்பாயிற்று. அந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்புகளில் எல்லாரும் அந்த ‘ஏட்டி’யைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் ‘நீ’, நேயருக்கு ‘நீங்கள்’. எந்த வாக்கியம் தோழிக்கு, எந்த வாக்கியம் தங்களுக்கு என்று கேட்பவருக்கு உடனே புரிந்துவிடுவதால், நாங்கள் எங்களுக்குள் பேசி மூழ்கிவிடாமல் இருப்பதற்கும் இந்தப் பிரிவினை ஒரு கடிவாளமாக ஆனது.

ஒலிப்பதிவு அறையைப் பற்றிய சின்னச் சின்ன விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. கண்ணாடி வளையலும் மேசையும் சேர்ந்தால் மைக்கில் பாத்திரம் கழுவுவதுபோல ஒலிக்கும். கழற்றி வைத்துவிட வேண்டும். பட்டுச் சேலை, மொடமொடப்பான காட்டன் சேலை இரண்டும் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். குறிப்புத் தாள்களைப் பின் போட்டு இணைக்காமல் தனித்தனியாக வைத்து, படித்த தாளைப் புரட்டாமல் ஓரமாக நகர்த்துவது நல்லது. ‘படம்’, ‘பாட்டு’, ‘பிடித்தது’ என்று எங்கள் தொழிலுக்கான சொற்களெல்லாம் பகரத்தில் தொடங்குவதால், மைக்குக்கு நேராக வாயை வைத்தால் ஒவ்வொன்றும் வெடிக்கும். ஒரு சாண் விலகி, சற்றே பக்கவாட்டில் இருந்து பேச வேண்டும். தலையாட்டுவது வானொலியில் கேட்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் என் கேள்விக்குத் தோழி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பேசாமலிருந்த இடங்கள் முதல் மாதப் பதிவுகளில் நிறைய உண்டு.

பேச்சு உயிரோடு இருப்பதற்கு நாங்கள் கண்ட ஒரே வழி, படம் பார்த்ததற்கும் பதிவுக்கும் இடையில் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. தொடக்கத்தில், திரும்பி வரும் பேருந்திலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவோம். மறுநாள் மைக் முன்னால் அதே சண்டையை நினைவுபடுத்தி நடித்தோம். நடிப்பு என்று கேட்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே புதன்கிழமை மாலைக் காட்சி, வியாழக்கிழமை பதிவு, இடையில் மௌனம் என்று ஏற்பாடு செய்தோம். திரையரங்கிலிருந்து எங்கள் ஊருக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் ஜன்னல் பக்கம் அவளும் நடைபாதைப் பக்கம் நானும், கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல உட்கார்ந்து வருவோம். தாங்க முடியாமல் போனால் அவள் டிக்கெட்டின் பின்புறத்தில் ஏதோ எழுதி, மடித்து, கைப்பையில் போட்டுக்கொள்வாள். மறுநாள் அறையில் அதைப் பிரித்துப் படிக்கும்போதுதான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிகழ்ச்சியின் நல்ல பகுதிகள் பல அந்தத் துண்டுச் சீட்டுகளிலிருந்து வந்தவை.

கதையை எதுவரை சொல்வது என்பதில் ஒருமுறை பட்டுத்தான் தெளிந்தோம். ஒரு துப்பறியும் படத்தில் கொலைகாரன் யார் என்பதைத் தோழி உற்சாகத்தில் உளறிவிட்டாள். திரையரங்கில் வண்டி நிறுத்துமிடம் பார்க்கும் அண்ணாச்சி அடுத்த புதன்கிழமை எங்களைப் பிடித்துக்கொண்டு, “படத்த நீங்களே முடிச்சுட்டிய, பிறவு நான் யாருக்கு டோக்கன் கிழிக்க?” என்று கேட்டார். நம் படங்களுக்கு இடைவேளை என்ற அருமையான எல்லைக்கோடு உண்டு; அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்வதில்லை என்று அன்றைக்கே விதித்துக்கொண்டோம். இரண்டாம் பாதியில் குறை இருந்தால், “இடைவேளைக்குப் பிறகு தளர்ந்துவிட்டது” என்று மட்டும் சொல்லி, எவ்வகையில் தளர்ந்தது என்பதைக் கதையைத் தொடாமல் விளக்குவோம். தணிக்கைச் சான்றிதழைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். 2024 முதல் யு/ஏ என்பது 7, 13, 16 வயதுகளுக்கென மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு அது உதவுகிறது. அதே ஆண்டின் இறுதியில், வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனம் வெளியிடத் தடை கோரித் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, உங்கள் நிகழ்ச்சி நின்றுவிடுமா என்று நேயர்கள் கவலையோடு கேட்டார்கள். ஒரு வாரம் பழையதான படத்தைத்தான் நாங்கள் பேசுகிறோம் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொலைக்காட்சித் தொடர்களை எப்படி விமர்சிப்பது என்பதற்கு எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. தொடக்கத்தில் ஏளனம் செய்தோம். ஒரே வசனத்தை மூன்று முறை சொல்கிறார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் இடி முழங்குகிறது, வீட்டுக்குள் வருபவர்களையெல்லாம் “வாங்க மாமா”, “வாங்க அத்தை” என்று உறவுமுறை சொல்லி வரவேற்பதிலேயே பாதி நேரம் போகிறது என்றெல்லாம் கேலி பேசினோம். ஒரு மாலை, தைத்த துணி கொடுக்கத் தோழியோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் நான்கு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நால்வரில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. ஆனால் கதையில் ஒரு சொல்லையும் அவர்கள் தவறவிடவில்லை. குறிப்பிட்ட ஓர் இசை வந்ததும் நால்வரும் ஒருசேரத் தலையை நிமிர்த்தினார்கள், இரண்டு விநாடி பார்த்தார்கள், மறுபடியும் குனிந்துகொண்டார்கள். கைகள் ஒரு கணமும் நிற்கவில்லை.

தோழி அடுத்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காஜா எடுத்துக்கொண்டே அந்தத் தொடரைக் கேட்டாள். எல்லாம் புரிந்தது என்றாள். இணையத் தளம் ஒன்றில் வந்த, பத்திரிகைகள் கொண்டாடிய ஒரு தொடரையும் அதே போலக் கேட்டுப் பார்த்தாள். முதல் பத்து நிமிடத்தில் யார் வந்தார், யார் போனார் என்றே தெரியவில்லை. உறவுமுறை சொல்லி அழைப்பதும், வசனத்தைத் திருப்பிச் சொல்வதும் வெறும் சோம்பேறித்தனம் அல்ல. பாராமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்காக அமைந்த ஒரு முறை அது என்று எங்களுக்குத் தோன்றியது. இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1965இல் வந்த திருவிளையாடலின் தருமி வசனத்தை, படம் பார்க்காதவர்கள்கூடக் கோயில் கொடை ஒலிபெருக்கியில் கேட்டே ஒப்பித்த ஊர் இது. இதை உணர்ந்த பிறகு எங்கள் விமர்சனம் மென்மையாகிவிடவில்லை, குறியைத்தான் மாற்றிக்கொண்டது. எல்லா முகத்துக்கும் ஒரே இடியை முழக்கினால், எப்போது தலை நிமிர வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். அந்த நிகழ்ச்சிக்கு வந்த அளவுக்கு அழைப்புகள் வேறெதற்கும் வந்ததில்லை.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை நியாயமான அளவில் எடுத்தாள 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆனாலும் எது நியாயமான அளவு என்று வாதாடும் நிலையில் ஒரு சிறிய நிலையம் இல்லை என்பதால், வசனத் துண்டுகளையோ பாடல்களையோ நாங்கள் ஒலிக்கவிடுவதில்லை. வாயால் சொல்லியே ஒப்பேற்றுகிறோம். செய்தி, நடப்பு அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளுக்குச் சமுதாய வானொலியில் அனுமதி இல்லை. அரசியல் பேசும் படம் வந்தால், அது சொல்லும் கருத்தைத் தொடாமல், அந்தக் கருத்தைக் காட்சி சுமக்கிறதா, வசனம் மட்டும் சுமக்கிறதா என்று பேசுவோம். சில படங்களுக்கு இந்தத் தப்பித்தல் போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

பதினைந்து கிலோமீட்டருக்குள் பேசுவதில் வேறொரு சங்கடம் உண்டு. நாம் குறை சொன்னவரின் வீட்டார் அதே சந்தையில் கீரை வாங்குவார்கள். ஒரு சிறிய படத்தில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் உதவி இயக்குநராக வேலை செய்திருந்தான். படம் எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. அவனுக்காகப் பூசி மெழுகலாமா, பேசாமலேயே விட்டுவிடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில், “மொத்தத்தில் மனதில் ஒட்டவில்லை, பல இடங்களில் அலுப்புத் தட்டுகிறது” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். மறுநாள் காலை அவனுடைய தாயார் என் வீட்டு வாசலில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், “பிடிக்கலன்னு சொன்னது சரி டீச்சர். எங்க பிடிக்கலன்னு சொல்லலியே. அவன் போன்ல கேக்கான், நான் என்னன்னு சொல்ல?” என்றார்.

எனக்கு விடை சொல்ல வரவில்லை. அடுத்த புதன்கிழமை இருவரும் அந்தப் படத்தை மீண்டும் பார்த்தோம். எங்களையும் சேர்த்து அரங்கில் ஒன்பது பேர். இம்முறை கையில் நோட்டோடு போனதால், அலுத்தது எங்கே என்று குறிக்க முடிந்தது. அண்ணன் தம்பி சண்டை மூன்று முறை ஒரே முற்றத்தில், ஒரே தொனியில் வருகிறது. மூன்றாவது முறை புதிதாக எதுவும் வெளிப்படுவதில்லை. அதே சமயம், தாய் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைக்கும் சிறிய காட்சி மிக நன்றாக இருந்ததை முதல் முறை நாங்கள் கவனிக்கவே இல்லை. இரண்டையும் அடுத்த நிகழ்ச்சியில் சொன்னோம். அன்றிலிருந்து, எந்தக் குறையைச் சொன்னாலும் காட்சியைச் சுட்ட முடியாவிட்டால் அந்தக் குறையை நிகழ்ச்சியில் சேர்ப்பதில்லை.

2020இல் திரையரங்குகள் மூடப்பட்டு, தமிழ்நாட்டில் நவம்பர் 10ஆம் தேதிதான் பாதி இருக்கைகளோடு திறக்கப்பட்டன. படப்பிடிப்பு நின்றதால் தொலைக்காட்சியிலும் பழைய தொடர்களையே போட்டார்கள். அந்த மாதங்களில் அவரவர் வீட்டில், கம்பளிப் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கைப்பேசியில் தனித்தனியாகப் பதிவு செய்தோம். ஒரு கைப்பேசி பேசுவதற்கு, இன்னொன்று பதிவுக்கு. தொடங்கும்போது “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லி இருவரும் ஒருசேரக் கை தட்டினால், பிறகு இரண்டு பதிவுகளையும் ஒட்டுவது எளிதாக இருந்தது. வியர்வையில் குளித்தோம் என்பதைத் தவிர அதில் குறையில்லை.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வையற்ற ஒரு பெரியவர், பேரனோடு திரையரங்குக்குப் போகிறவர், எங்களுக்கு அடிக்கடி தொலைபேசியில் பேசுவார். பார்வை, செவித்திறன் குறைபாடுள்ளவர்கள் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான வசதிகள் குறித்து ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. காட்சியை விவரிக்கும் தனி ஒலித்தடமும் அவற்றில் ஒன்று. அந்த வசதி எங்கள் வட்டார அரங்குக்கு வந்து சேரும்வரை அவருக்குப் பேரன்தான் ஒலித்தடம். அண்மையில் நாங்கள் ஒரு கிராமத்துப் படத்தைப் பாராட்டி, அதில் வரும் மழைக் காட்சியைத் தோழி நான்கு நிமிடம் உருகி உருகி விவரித்தாள். திங்கட்கிழமை அவர் அழைத்தார்.

“அந்த வீடு ஓலைக்கூரைன்னு கதை சொல்ற அம்மா சொன்னாங்க. பேரனும் அப்படித்தான் சொன்னான். ஆனா மழை தகரத்துல பெய்யுதே?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புதன்கிழமை மறுபடியும் போய், அந்தக் காட்சி வந்ததும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். தடதடவென்று தகரத்தில்தான் பெய்துகொண்டிருந்தது. பேருந்தில் அவள் டிக்கெட்டை எடுத்து ஏதோ எழுதி மடித்தாள். என்னவென்று இம்முறை எனக்குத் தெரிந்தேயிருந்தது. அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி அவருடைய குரலோடு தொடங்கியது.